முதற்படமும் வழிப்படமும்

சினிமாவைப் பற்றித் தீர்ப்புரைக்கும் உரிமை இந்நாளில் எல்லார்க்கும் பொதுவாயிற்று. கொட்டகையினின்று வெளிப்போந்து வண்டி நிறுத்திய இடத்தை அடைவதற்குள் படத்தின் தலைவிதியை எழுதி முடித்துவிடுகின்றோம். எம் விடுதியிலும் அதுவே வழக்கம். ஞாயிறு மாலையில் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து பதின்மர் அமர்ந்து படம் பார்ப்பதும், இராவுணவு முடிந்து தட்டுக் கழுவும் வரையில் அதனைப் பற்றி வாதிடுவதும் எமக்குப் பாடவேளையினும் தவறாத கடமைகள். அவ்வாதங்களுள் ஒன்று மட்டும் பல கிழமை ஓயாது நீண்டது. பிறமொழியில் வென்ற படத்தைத் தமிழில் மீண்டும் எடுப்பது களவு. வென்ற படத்திற்கு இரண்டாம் பாகம் எடுப்பது பேராசை. இவ்விரண்டையும் முதன்முதல் உரக்கக் கூறினவர் யாமே. கூறியவற்றுள் பாதியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருத்தலின் இக்கட்டுரை எழுதப்படுகின்றது. எப்பாதி என்பதைப் படிப்போர் காண்பாராக.

தமிழ் பயில்வார்க்கு இவ்வழக்கு புதியதன்று. நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து நின்று, தான் வேண்டிய வேறுபாடுகளையும் ஆங்காங்கே அழகுறச் சேர்ப்பது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. அவ்வழிநூல் தோன்றும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகத் தொல்காப்பியம் வகுக்கும். ஆகவே பிறர் கண்ட பொருளை எடுத்தாளுதல் மட்டுமே களவாகாது. கம்பநாடரைக் கள்வர் என்பார் உண்டோ? களவாவது, எடுத்த இடத்தை மறைத்தல். சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவை எட்டு என்ற ஆசிரியர், ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' என்பதனை வைத்தார். இந்நூல் எதன் வழி வந்தது என்று முகப்பிலேயே சொல்லிவிடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. எல்லை, கேட்போர் என்பனவும் அவ்வெட்டனுள் அடங்கும். ஒரு நூல் எந்நிலத்தில் வழங்குவது, யார் கேட்க எழுந்தது என்னும் இவ்விரண்டு வினாக்களும் ரீமேக் என்று வழங்கும் மறுஆக்கப் படங்களுக்கு எத்துணைப் பொருத்தமானவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

தென்னாட்டுப் படத்தொழில் தொடக்கந்தொட்டே இவ்வழியில் வாழ்ந்து வந்துள்ளது. தெலுங்கில் 1964-இல் வெளிவந்த 'ராமுடு பீமுடு' மறு ஆண்டு பொங்கலன்று 'எங்க வீட்டுப் பிள்ளை' ஆயிற்று. 1967-இல் இந்தியில் 'ராம் அவுர் ஷியாம்' ஆயிற்று. என். டி. ராமராவ், எம். ஜி. ஆர்., திலீப் குமார் ஆகிய மூவர் இரட்டையராய் நடித்த அம்மூன்று படங்களையும் இயக்கியவர் சாணக்கியா ஒருவரே. பின்னர் அவ்விந்திக் கதையில் ஆண்மக்கள் இருவர்க்குப் பதிலாகப் பெண்மக்கள் இருவரை வைத்து 1972-இல் 'சீதா அவுர் கீதா' எடுத்தனர். அதுவும் 1974-இல் 'வாணி ராணி' என்னும் பெயரோடு நம்மிடம் திரும்பி வந்தது. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண், பிள்ளையோடு தாய்வீடு வந்தது போன்றதே இது. இவை எம் பாட்டனார் காலத்துச் செய்திகளாதலின் இம்மட்டில் நிறுத்துகின்றோம்.

எம் கருத்தை மாற்றிய படம் 'மணிச்சித்திரத்தாழ்'. மது முட்டம் எழுத, பாசில் இயக்கி, 1993-இல் மலையாளத்தில் வெளிவந்தது. பழைய மாளிகை ஒன்றில் குடிபுகும் கங்கை என்னும் இளம்பெண், பூட்டிக் கிடந்த தெற்கு அறையைத் திறக்கின்றாள். முன்னாளில் தஞ்சையினின்று கொண்டுவரப்பட்டு அவ்வீட்டுத் தலைவனால் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் நாட்டியப் பெண்ணின் கதை அவள் மனத்தைப் பற்றிக்கொள்கின்றது. நடப்பவை பேயின் செயல் என்று வீட்டார் நடுங்க, நோய் என்று மருத்துவன் ஒருவன் காண்கின்றான். கங்கையாக நடித்த ஷோபனா அவ்வாண்டின் சிறந்த நடிகைக்குரிய தேசிய விருது பெற்றார்.

எம் ஊர் குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அணித்தாக உள்ளது. அப்படத்தின் காட்சிகள் சில, எம் ஊர்ச் சிறுவர் பள்ளிச் சுற்றுலாவாகச் செல்லும் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. (ஏனைய பல திருப்பூணித்துறை மலையரண்மனையில் எடுக்கப்பட்டன.) பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் நிலம் 1956 முதல் தமிழ்நாட்டைச் சேர்ந்தது; அரண்மனையின் ஆட்சியோ இன்றளவும் கேரள அரசினது. இரு மொழிக்கும் இடையில் நிற்கும் ஒரு கட்டிடத்திற்குள் இக்கதையைப் படமாக்கியது தற்செயலே ஆயினும் பொருத்தமானது.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அப்படம் புதுக்கித் துலக்கப்பட்டு மீண்டும் கொட்டகைகளுக்கு வந்தபோது, யாம் திருவனந்தபுரம் சென்று கண்டோம். அதுவரை யாம் அறிந்தது 'சந்திரமுகி' மட்டுமே. பண்டிகைதோறும் தொலைக்காட்சியில் அதனைக் கண்டு வளர்ந்தோமாதலின், மலையாளப் படத்தை அதன் பழைய கையெழுத்துப்படி போலக் கருதிச் சற்று ஏளனத்தோடே அமர்ந்தோம். நெடுநேரம் நகைச்சுவையாகவே சென்றது. கொட்டகையில் பாதிப்பேர் உரையாடலை நடிகர்க்கு முன்னே சொல்லிக்கொண்டிருந்தனர். பின்னர், கணவன் வெளியே செல்லவேண்டா என்று தடுத்தபோது கங்கையின் கண்கள் விரிந்தன, குரல் மாறியது, அவள் தமிழ் பேசினாள்.

அரங்கம் அடங்கிற்று. எம் அருகில் இருந்த சிறுவன் ஒருவன் தாயின் கையைப் பற்றிக்கொண்டான். அவனை அச்சுறுத்தியது எம் தாய்மொழி.

அக்கணம் யாம் அடைந்த உணர்ச்சியை என்னவென்று கூறுவது! நகைக்கவும் இயலவில்லை, சினக்கவும் இயலவில்லை. எம் அன்னை எம்மைச் சோறுண்ண அழைக்கும் மொழியில், எம் அன்னை சினந்தால் கூறும் சொற்களையே கூறி, ஒரு பேய்மகள் ஊராரை நடுங்கச் செய்தாள். எழுபது கல் தொலைவு கூட இல்லாத இடத்தினின்று சென்ற யாம் அவ்வரங்கில் திடீரென அயலாராய்விட்டோம். அக்காட்சிகளில் ஒலிக்கும் நாகவல்லியின் குரல் துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் கலைஞருடையது என்பதும், அதனைப் பலரும் பல்லாண்டு கழித்தே அறிந்தனர் என்பதும் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டோம். பேய்க்குக் குரல் கொடுத்தவரும் பேய்போல் கண்ணுக்குப் புலப்படாதிருந்தார் போலும்!

வீடு திரும்பும் பேருந்தில் இதனை ஆராய்ந்தோம். பாசிலுக்குத் தமிழர்மேல் பகையில்லை; தமிழிலும் நல்ல படங்கள் பல எடுத்தவர் அவர். நாட்டியத்திற்குத் தஞ்சை தாயகமாதலின் நாகவல்லி ஆங்கிருந்து வந்தாள் என்பதும் இயல்பே. ஆனால் கதையின் இயக்கம் அவ்வளவில் நிற்பதன்று. கங்கை வேறொருத்தியாய் மாறினாள் என்பதைக் காட்டுதற்கு முகக்கோலம் போதாது. அவள் அறியாத மொழி ஒன்று அவள் வாயினின்று வரல் வேண்டும். அம்மொழி காண்போர் சற்றும் அறியாததாயின் வெற்றொலியாய்விடும். முற்றும் அறிந்ததாயின் வியப்பில்லை. பாதி புரிந்து பாதி புரியாதிருக்கும் மொழியே அச்சத்தை விளைப்பது. அத்தகைய மொழி அடுத்த வீட்டான் மொழியன்றி வேறு யாது? மலையாளிகட்கு அது தமிழ்.

இக்கதை எல்லை கடந்தபோதெல்லாம் இவ்வொரு பொறியையே முதற்கண் மாற்ற வேண்டியிருந்தது. பி. வாசு 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தார். பேய்மகள் தெலுங்கு பேசினாள். (அதில் நாகவல்லியான சௌந்தரியா, படம் வெளிவருமுன்னரே விமான விபத்தில் மறைந்தார்.) அவரே 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் யார் நடுங்குவர்? ஆகவே தஞ்சை நங்கை விஜயநகரத்து நங்கை ஆனாள். சதங்கை கட்டித் தெலுங்கில் பாடினாள். 2007-இல் பிரியதர்சன் 'பூல் புலையா' என இந்தியில் எடுத்தபோது, அவள் வங்காளப் பெண்ணாகி வங்காளியில் பாடினாள். முதற்படம் எடுத்த காலத்தில் பாசிலுக்குத் துணையாகச் சில பகுதிகளைப் படமாக்கியவருள் பிரியதர்சனும் ஒருவராதலின், அவர் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை அறிந்திருந்தார். கதை ஒன்று, மாளிகை ஒன்று, பூட்டிய அறை ஒன்று. பேயின் மொழி மட்டும் ஊர்தோறும் வேறு. பாயிரத்தில் எல்லையும் கேட்போரும் கூறப்படல் வேண்டும் என்ற ஆசிரியரின் நுட்பம் எமக்கு விளங்கியது தேர்வறையிலன்று, அப்பேருந்திலேதான்.

'சந்திரமுகி'யை இப்போது எவ்வாறு மதிக்கின்றோம் எனின், அது விரித்தலால் வந்த வழிநூல். மலையாளத்தில் கதை நெடுந்தூரம் நடந்த பின்னரே மருத்துவன் வருகின்றான். தமிழில் ரஜினிகாந்த் படத்தொடக்கத்திலேயே சண்டையிட்டுப் புகுகின்றார். கொடிய மன்னன் வேட்டையனாகவும் அவரே தோன்றி, குழந்தைகளும் போலிசெய்யும் ஒரு சிரிப்பொலியை நாட்டுக்கு வழங்கினார். அவ்வேட்டையன் வந்த காட்சி விரித்தலின் பயன் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் விரிந்த இடத்திற்கு ஈடாகச் சுருங்கிய இடம் ஒன்றுண்டு. பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த சிறுமியின் தனிமை மலையாளப் படத்தில் நோயின் வேராகக் காட்டப்பட்டது. தமிழில் அது கைகாட்டி மரம்போல் தோன்றி மறைகின்றது. கங்கைமேல் இரக்கம் குறைந்து, சந்திரமுகிமேல் வியப்பு மிகுந்தது. ஜோதிகாவின் நடிப்பைக் குறை கூறினோமல்லோம்.

மொழிபெயர்ப்பு வகைக்கு 'பாபநாசம்' சான்று. ஜீத்து ஜோசப் 2013-இல் மலையாளத்தில் எடுத்த 'திருசியம்' என்னும் படத்தை, அவரே 2015-இல் தமிழில் எடுத்தார். மலைநாட்டுக் கிறித்தவரான ஜார்ஜ்குட்டி, நெல்லைச் சீமையின் சுயம்புலிங்கம் ஆனார். காட்சிக்குக் காட்சி பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் ஜெயமோகன் எழுதிய நெல்லைப் பேச்சு படத்திற்கு வேறொரு மண்ணை இட்டது. இறுதியில் ஆற்றங்கரையில் மறைமுகமாய் உண்மை கூறும் இடத்தில் மோகன்லால் விழுங்கிய அழுகையைக் கமல்ஹாசன் வெளிப்படுத்தினார். எம் விடுதியில் இவ்விடத்தில் இரண்டு கட்சி உண்டு. யாம் விழுங்கிய அழுகையின் கட்சி. சீனத்தில் 2019-இல் இக்கதையை எடுத்தவரோ, குற்றத்தை மறைத்த தந்தையை இறுதியில் காவலரிடம் சரணடையச் செய்துவிட்டனர். முடிபு மாறினமையின் அஃது இலக்கணப்படி வழிநூலாகாது. திரிபு வேறுடைய சார்புநூல் என்றே கொள்ளல் வேண்டும்.

இக்கதையில் மற்றொரு வியப்பும் உண்டு. கதைத்தலைவன் செய்யும் சூழ்ச்சியே ஒரு மறுஆக்கம். பிறிதொரு நாளில் மெய்யாகவே சென்ற பயணத்தை, குற்றம் நடந்த நாளில் சென்றதாக ஊரார் நினைவில் பதிக்கின்றான். அதே கடை, அதே உணவு, அதே பேருந்து. சாட்சிகள் பொய் கூறவில்லை, கண்டதையே கூறினர், நாள் மட்டும் மாறிற்று. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவன் இவ்வித்தையைக் கற்றது எங்கே? சினிமாவில்!

இனித் தொடர்ச்சிப் படங்களைக் கூறுவோம். இவற்றின்மேல் யாம் கொண்ட சினம் பெரிதும் தணிந்திலது. தமிழுக்கு இவை மிகப் புதியனவல்ல. 'கல்யாணராமன்' 1979-இல் வர, 1985-இல் அவன் 'ஜப்பானில் கல்யாணராமன்' ஆனான். அக்காலத்தில் அருகி வந்தது இக்காலத்தில் பெருகிவிட்டது. 1996-இல் வந்த 'இந்திய'னுக்கு இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 2024-இல் இரண்டாம் பாகம் வந்தது. விடுதலைப் போரில் வாளெடுத்த சேனாபதி, கணக்குப் பார்ப்பின், நூறாண்டைக் கடந்தவராதல் வேண்டும். அவரோ இளைஞரும் அஞ்சும் வேகத்தில் பகைவரை வீழ்த்துகின்றார். கணக்குத்துறை மாணவர் ஒருவர் எம்மருகிலிருந்து இதனைக் கூட்டிக் கழித்து விளக்கியமையால், படத்தில் எஞ்சியிருந்த சுவையும் கெட்டது. 'பொன்னியின் செல்வன்' போல் நெடுங்கதை ஒன்றை 2022, 2023 என ஈராண்டில் இரு பகுதியாக வெளியிடுதல் வேறு; அது தொடர்ச்சியன்று, பந்தியில் இரண்டாம் முறை பரிமாறுதல்.

'சந்திரமுகி'யின் பின்வந்தவற்றின் குற்றம் இதனினும் பெரிது. முதற்படத்தின் உயிர் யாது? பேய் இல்லை, நோய் உண்டு என்பதே. மருத்துவனும் மந்திரவாதியும் ஒன்றுகூடி, ஒருத்தியின் மனத்தை உடைக்காமல் மீட்டனர் என்பதே அதன் பெருமை. 2022-இல் வந்த 'பூல் புலையா' இரண்டாம் பாகத்தில் மெய்யாகவே பேய் வந்துவிட்டது. 2023-இல் வந்த 'சந்திரமுகி' இரண்டாம் பாகத்திலும் ஆவிகள் உலாவின. அவ்வாறாயின் முதற்படத்து மருத்துவன் பிழைபட்டான். அவனைக் கண்டு நகைத்த ஊராரே அறிவுடையோர் ஆயினர்! முன்னோன் முடிபை மறுக்கும் நூல் முன்னோன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வருதல் தகுமோ? களவு என்று யாம் முன்னர்க் கூறிய சொல்லை மறுஆக்கத்தின் கணக்கிலிருந்து எடுத்து இங்கே வைக்கலாம் எனத் தோன்றுகின்றது.

தொடர்ச்சி நன்றாகவும் அமையும் என்பதற்கு நம்மிடமே பழைய சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்வது மணிமேகலை. அதனை எழுதியவர் வேறொருவர். அதன் சமயமும் வேறு. கண்ணகி மீண்டும் சிலம்பேந்தி மற்றொரு நகரை எரிக்கவில்லை. முதற்கதையில் குழந்தையாய் நின்ற மாதவியின் மகள் இரண்டாம் கதையில் தலைவியானாள். முதற்கதை யாரைக் கவனியாது விட்டதோ அவரிடமிருந்து தொடங்கினார் சாத்தனார். 2021-இல் வந்த 'திருசியம்' இரண்டாம் பாகம் எமக்குப் பிடித்தமைக்கும் இதுவே காரணம். தந்தை வென்றார் என்று முதற்படம் முடிந்தது. அவ்வெற்றிக்குப் பின் அவ்வீட்டில் பெண்மக்கள் எவ்வாறு உறங்கினர் என்று வினவிற்று இரண்டாம் படம். காவலர் வண்டியைக் கண்ட அளவில் நடுங்கும் மூத்த மகளே அதன் விடை.

எம் அறைத்தோழர் ஒருவரைப் பற்றிக் கூறாவிடின் இக்கட்டுரை முடியாது. ஓசூரைச் சார்ந்தவர், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். முதலாண்டில் விடுதியில் 'சந்திரமுகி' பார்த்த நாள்முதல், அவர் வீட்டாரோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எம்மவர் சிலர் கண்களை விரித்துச் சதங்கையாடுவது போல் அடிவைத்து அப்பாட்டைப் பாடுவர். யாமும் பாடியிருக்கின்றோம். அவர் எம்மோடு சேர்ந்தே நகைப்பார். நாளடைவில் பேசுதற்கு மாடிப்படிக்குச் செல்லத் தொடங்கினார். அதனையும் யாம் கவனித்ததில்லை. திருவனந்தபுரத்தினின்று திரும்பிய இரவு, அரங்கில் நிகழ்ந்ததை அவரிடம் கூறினோம். மன்னிப்பு என்னும் சொல் வாயில் வரவில்லை. வேறு ஏதோ கூறித் தடுமாறினோம். அவர் விடை கூறாமல் தம் மடிக்கணினியைத் திறந்தார்.

"எங்கள் வீட்டில் 'சந்திரமுகி' பார்ப்பது எப்படித் தெரியுமா? இதைக் கேளும்" என்றார். ஓடியது அப்படத்தின் தெலுங்குப் பெயர்ப்பு. ரஜினிகாந்த் தெலுங்கு பேசினார். வடிவேலு தெலுங்கில் அலறினார். அவர் விரலால் தள்ளித் தள்ளி இறுதிக்கு வந்தார். திரை விலகியது, சந்திரமுகி சதங்கையோடு வந்து வாய் திறந்தாள். தெலுங்கர்க்குத் தெலுங்கு பேசும் பேய் பயன்படுமோ? அவள் தூய தமிழில் பாடினாள்.

தஞ்சையினின்று புறப்பட்டுப் போனவள் தமிழோடே திரும்பி வந்திருந்தாள். "என் தங்கை இந்தப் பாட்டுக்குத்தான் கண்ணை மூடிக்கொள்வாள்" என்றார் நண்பர். "இங்கே தமிழ் படிக்க வந்ததற்கு அவள் இன்னும் என்னைக் கேலி செய்கிறாள்." அதன்பின் இருவரும் நகைத்த நகைப்பில் அடுத்த அறையார் கதவைத் தட்டினர். இப்போது அவர் அறையிலிருந்தே வீட்டோடு பேசுகின்றார், யாம் பாடுவதில்லை.

வருகின்ற ஞாயிறு இந்திப் படத்தைப் பார்ப்பதாக முடிவாகியுள்ளது. அதில் பேய் பேசும் வங்காளி எம் அறையில் ஒருவர்க்கும் தெரியாது. இயற்பியல் துறையில் கல்கத்தாவினின்று வந்த மாணவர் ஒருவர் உளர் என்று கேள்வி. அவரை அழைத்திருக்கின்றோம்.